தனிமரம் தோப்பாகாது! நியூசிலாந்து, ரஷ்யா மரத்தடி வியாபாரம் நமக்குச் சொல்லும் பாடம்



பேத்துப்பாறைக்குப் பேரிக்காய்க் கொள்முதலுக்கு நாம் போகத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற பருவத்தில் ஒருநாள் அங்கே ஒரு தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய் விலை படிந்துவிட்டது. ஏற்றுகூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசியில் பெட்டி விலையில் வந்து நின்றது.

"காய்க்கு நான் கேட்டதைக் குறைக்கிறீங்க. பெட்டிக்காரன் கேட்டதை மட்டும் பேசாமக் குடுத்துர்றீங்களே, அண்ணே! இந்தப் பலகை அப்படி எந்த ஊர்லருந்துதான் வருது?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. கொடைக்கானல் மலையில் கண்ணுக்கெட்டிய தூரம் பைன் மரங்கள் நிற்கின்றன. சினிமாக்காரர்களும் சுற்றுலா வருவோரும் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே மலையில் விளைந்த காயை அடுக்கும் பெட்டிக்குப் பைன் பலகை கடல் தாண்டி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நியூசிலாந்துப் பைன் என்றார்கள். பிறகு உருகுவே பைன் என்றார்கள். ஏன் மாறியது, யார் மாற்றினார்கள் என்று நாம் கேட்டதில்லை. விலை ஏறினால் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி மனத்தில் உறுத்தவே, தூத்துக்குடியில் மரவாடி நடத்தும் நம் சம்பந்தியிடம் விசாரித்தோம். அவர் சொன்னவற்றையும், பத்திரிகைகளில் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தருகிறோம். மளிகைக் கடைக்கும் மரத்தடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உண்மையில் வாடிக்கையாளரைப் பற்றிய கதை.

மெல்மரம் என்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மர வியாபாரத்தில் மெல்மரம், வன்மரம் என்று இரண்டு வகை சொல்வார்கள். நகத்தால் கீறிப் பார்த்துப் பிரித்த வகை அல்ல இது. ஊசி போன்ற இலையும் கூம்பு போன்ற காயும் உள்ள பைன், ஸ்புரூஸ், ஃபிர் போன்றவை மெல்மரம். அகன்ற இலை உள்ள தேக்கு, வேம்பு, யூகலிப்டஸ் போன்றவை வன்மரம். நம் வீட்டு முருங்கை கை வைத்தால் முறியும்; ஆனாலும் கணக்குப்படி அது மெல்மரம் ஆகாது. காப்பித் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏற்றும் சில்வர் ஓக் மரமும் அப்படியே.

மெல்மரம் சீக்கிரம் வளரும், நேராக வளரும், ஆணி அடித்தால் பிளக்காமல் தாங்கும், எடையும் குறைவு. ஆகவே பெட்டி, பலகைத் தட்டு, கட்டடத்துக்குச் சென்ட்ரிங் பலகை, காகிதக் கூழ் ஆகியவற்றுக்கு உலகம் முழுவதும் இதைத்தான் தேடுகிறார்கள். மரத்தை வெட்டி, கிளை கழித்து, அறுக்காமல் அப்படியே விற்பது தடி வியாபாரம். அறுத்து விற்பது பலகை வியாபாரம். நம் தொழிலில் நெல் விற்பதற்கும் அரிசி விற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இதுவும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் மலைப் பைன் ஏன் பெட்டியாகவில்லை?

நம் மலையில் பைன் தானாக முளைத்தது அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, பிறகு வனத்துறையும் நட்டு வளர்த்தது. யூகலிப்டஸும் சீகை மரமும் அவ்வாறே வந்தன. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், கூழுக்கும் ஆகும் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டார்கள். சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் இவை பரவின.

பிறகு சட்டங்கள் வந்தன. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் மாநிலத்தில் உண்டு. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் மலையில் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அடுத்து, நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கு. அதில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்த உத்தரவு இந்தியா முழுவதையும் ஆட்டிவைத்தது. அனுமதி பெற்ற திட்டப்படி அன்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்றாயிற்று. காட்டுக்குள் இருந்த அறுவை மில்கள் மூடப்பட்டன. அந்த நாட்களில் பெட்டிப் பலகைக்கு நாம் அலைந்த அலைச்சல் வயதான உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் அந்நிய மரங்களை அகற்றிப் பழைய இயற்கையை மீட்க மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. சோலையும் புல்வெளியும்தான் மலையின் தண்ணீர்த் தொட்டி என்பதைக் கோடையில் குடம் தூக்கிய எவரும் மறுக்கமாட்டார்கள். ஆகவே நம் மலைப் பைன் பார்வைக்கு உண்டு, கடைக்கு இல்லை. பெட்டிக்கு வேண்டிய மரத்தை வெளியே வாங்கித்தான் ஆகவேண்டும். குஜராத்தில் கண்ட்லாவிலும், நம் பக்கம் தூத்துக்குடியிலும் கப்பல் கப்பலாகத் தடி இறங்கியதன் காரணம் இதுவே.

சரி, விற்றவர்கள் யார்? உலகத்தில் மெல்மரத் தடி விற்ற பெரிய கடைகள் இரண்டைப் பார்ப்போம். ஒன்று நியூசிலாந்து, மற்றொன்று ரஷ்யா. இரண்டும் எதிர் எதிரான வழியில் வியாபாரம் செய்தன என்பதுதான் சுவாரசியம்.

நியூசிலாந்து: வந்தவருக்கெல்லாம் தடி

நியூசிலாந்தில் விற்பனைக்கு வரும் மரம் பெரும்பாலும் ரேடியேட்டா பைன். அதுவும் அந்த ஊர் மரம் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் பிறந்தது. பிறந்த ஊரைவிடப் புகுந்த ஊரில் வேகமாக வளர்ந்தது. நட்டு ஏறக்குறைய 28 ஆண்டில் வெட்டலாம். அங்கே சுமார் 17 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நட்டு வளர்த்த காடு இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பைன்தான். நமக்குக் கரும்பு, வாழை எப்படியோ அவர்களுக்குப் பைன் அப்படி ஒரு பயிர்.

ஓர் ஆந்தையால் இந்த வியாபாரம் பெருகிய கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் வாழும் ஒருவகைப் புள்ளி ஆந்தையை அழியும் நிலையில் உள்ள பறவை என்று 1990-ல் அறிவித்தார்கள். அதைக் காப்பாற்ற அங்கே அரசுக் காடுகளில் வெட்டு வெகுவாகக் குறைந்தது. 1993-ல் உலகச் சந்தையில் தடி விலை எகிறியது. நியூசிலாந்துக்காரர்கள் பார்த்தார்கள். ஆடு மேய்த்த நிலத்தில் எல்லாம் பைன் கன்று நட்டார்கள். தொழிலுக்குச் சம்பந்தமில்லாதவர்கள்கூடப் பங்கு சேர்ந்து நட்டார்கள். 1994-ல் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேரில் புதிதாக நடப்பட்டது.

நட்டவர்கள் யாரும் 28 ஆண்டு கழித்து யார் வாங்குவார் என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விலை ஏறிய பருவத்தில் ஊரே சின்ன வெங்காயம் போடுவதை நாம் பார்த்ததில்லையா? வெங்காயம் மூன்று மாதத்தில் பாடம் சொல்லிவிடும். பைன் முப்பது ஆண்டு காத்திருந்து சொல்லும்.

அன்று ஜப்பானும் கொரியாவும் அவர்களுடைய பெரிய வாடிக்கைகள். பிறகு சீனா வந்தது. 1998-ல் பெருவெள்ளம் கண்ட சீனா தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அதே காலத்தில் அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் காளான்போல் முளைத்தன. சென்ட்ரிங் பலகைக்கும் பெட்டிக்கும் தடி வேண்டும். நியூசிலாந்து கொடுத்தது. 2010 வாக்கில் சீனாவே முதல் வாடிக்கை. பிறகு வந்த ஆண்டுகளில் நியூசிலாந்து விற்ற தடியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சீனாவுக்கே போயிற்று.

அளவையும் சொல்லவேண்டும். ஆண்டுக்குச் சுமார் மூன்றரைக் கோடி கன மீட்டர் வெட்டுகிறார்கள். அதில் 2 கோடிக்கு மேல் அறுக்காத தடியாகவே கப்பலேறுகிறது. ஒரு கன மீட்டர் என்பது நம் கணக்கில் சுமார் 35 கன அடி. ஒரு கப்பலில் 35,000 கன மீட்டர் ஏற்றினால் அது 12 லட்சம் கன அடிக்கும் மேல்! உலகத்திலேயே மெல்மரத் தடி விற்பதில் முதலிடம் இந்தச் சிறிய நாட்டுக்குத்தான்.

இதில் நன்மை உண்டு. மரம் வளர்த்தவருக்கு உடனே பணம். உள்ளூர் அறுவை மில் என்ன விலை கொடுக்கும் என்று கையைப் பிசைந்து நிற்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் விலை நல்லதா, அங்கே கொடு என்று விற்கலாம். ஆனால் மறுபக்கமும் உண்டு. தடி போகும் ஊருக்கு அறுப்பு வேலையும் போய்விடுகிறது. 2024-ல் வட தீவில் ஒரு மரக்கூழ் ஆலையும் அதோடு சேர்ந்த அறுவை ஆலையும் மின்சார விலை கட்டுப்படியாகாமல் மூடப்பட்டன. சுமார் 230 பேர் வேலை இழந்தார்கள். கண்ணெதிரே மரம் இருக்க, மரத்தொழில் செய்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ரஷ்யா: தடி விற்பனைக்கு இல்லை

ரஷ்யாவில் கதை வேறு. உலகக் காடுகளில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டில். சைபீரியக் குளிரில் ஒரு மரம் வெட்டுக்கு வர நூறு ஆண்டுகூட ஆகும். நட்டு வளர்த்த பயிர் அல்ல, முன்னோர் சொத்து.

சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தபின் கைக்காசுக்குத் தடி விற்றார்கள். கிழக்கே ரயில் ஏற்றிச் சீன எல்லைக்கு அனுப்பினார்கள். மேற்கே பின்லாந்துக்கு அனுப்பினார்கள். 2006-ல் எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் தடி விற்று உலகில் முதலிடத்தில் இருந்தார்கள். ஆனால் எல்லைக்கு அந்தப்புறம் சீனாவின் மான்சௌலி, சூஃபென்ஹே ஆகிய ஊர்களில் அறுவை மில்கள் வரிசையாக எழும்பின. நம் மரம், அவன் மில், அவன் கூலி, அவன் லாபம் என்று ரஷ்யாவில் பேச்சு எழுந்தது.

அரசு வரியைக் கையில் எடுத்தது. தடி ஏற்றுமதிக்கு 2007 ஜூலையில் 20 சதவீதம் வரி, 2008 ஏப்ரலில் 25 சதவீதம். 2009 ஜனவரியில் 80 சதவீதம் ஆக்குவோம் என்று மிரட்டி, பிறகு தள்ளிவைத்தார்கள். விற்பனை பாதிக்குக் கீழே இறங்கியது. ரஷ்யத் தடியை நம்பியிருந்த பின்லாந்து ஆலைகள் தவித்தன. 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது வரியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முடிவில் 2022 ஜனவரி 1 முதல் அறுக்காத மெல்மரத் தடி ஏற்றுமதிக்கே தடை. வேண்டுமானால் பலகையாக வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

இதுவும் ஒருவகையில் பலித்தது. மெல்மரப் பலகை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்கு ரஷ்யா வந்துவிட்டது. கூலி உள்நாட்டில் தங்கியது. எல்லைக்கு அப்பால் சீன மில்கள் பல தடி இல்லாமல் தடுமாறின. ஆனால் காட்டில் வெட்டுகிறவர் நிலை என்ன? பக்கத்தில் இருக்கும் மில் கேட்ட விலைக்குத்தான் அவர் தடியைக் கொடுக்க வேண்டும். துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இல்லை. விற்பவர் கையில் இருந்த ஒரு கதவு அடைபட்டது.

இரண்டு வழி, ஒரே வாசல்

இரண்டு கடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் நெல்லாகவே விற்றார். மற்றவர் அரிசியாகத்தான் விற்பேன் என்றார். ஒருவர் யார் வந்தாலும் கொடுத்தார். மற்றவர் அரசு போட்ட பூட்டோடு உட்கார்ந்தார். இதில் யார் கெட்டிக்காரர் என்று நாமும் சம்பந்தியும் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். "அறுத்து விற்கிறவன்தான் பிழைப்பான்" என்பது அவர் கட்சி. "விற்கும் சுதந்திரம் உள்ளவன்தான் பிழைப்பான்" என்பது நம் கட்சி. கடைசியில் இருவருமே தோற்றோம். நடந்ததைப் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டு நடுவில் சீனத் துறைமுகங்களில் தடி விலை சில வாரங்களுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. காரணங்களில் ஒன்று, ஐரோப்பாவில் வண்டு அரித்துச் செத்த ஸ்புரூஸ் மரங்கள். 2018 முதல் ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் அவற்றை அவசரமாக வெட்டிக் கன்டெய்னரில் சீனாவுக்கு அனுப்பினார்கள். நியூசிலாந்துக்காரர் கனவிலும் நினைக்காத போட்டி! 2020 தொடக்கத்தில் கொரோனாவால் சீனாவில் வேலை நின்றது. தடி துறைமுகத்தில் குவிந்தது. நியூசிலாந்தில் வெட்டு நின்று கூலியாட்கள் பலர் சும்மா உட்கார்ந்தார்கள். 2021 முதல் சீனாவில் வீடு கட்டும் தொழிலே சரிந்தது. 1990-களில் நட்ட மரமெல்லாம் வெட்டுக்கு வந்த நேரமும் அதுதான். அறுக்க உள்ளூரில் போதிய மில் இல்லை. வாங்க வேறு பெரிய வாடிக்கை இல்லை.

ரஷ்யாவுக்கு என்ன ஆயிற்று? தடியை நிறுத்திப் பலகைக்கு மாறியதால் ஐரோப்பா, சீனா என்று இரண்டு பக்கமும் வியாபாரம் நடந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். அவ்வாண்டே ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய மரத்துக்குத் தடை போட்டன. மேற்கு வாசல் மூடியது. பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்களும் சீனாவின் வாசலில் போய் நின்றார்கள். அங்கே வீடு கட்டும் தொழில் படுத்துக் கிடந்தது.

தடியாக விற்றவரும் ஒரே வாடிக்கையை நம்பினார். பலகையாக விற்றவரும் ஒரே வாடிக்கையை நம்ப நேர்ந்தது. தனிமரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொன்னது மரத்துக்கு மட்டும் அல்ல, வாடிக்கைக்கும்தான். இதுவே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்த ஒரே செய்தி.

நம் பெட்டிப் பலகை மாறியது எப்படி?

பேத்துப்பாறைத் தோட்டக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். நியூசிலாந்துத் தடிக்குச் சீனா, கொரியா, ஜப்பானோடு இந்தியாவும் முக்கியமான வாடிக்கையாக இருந்தது. தடியோடு பூச்சி வந்துவிடக்கூடாது என்பதற்காக, கப்பலேறுமுன் மெத்தில் புரோமைடு என்ற மருந்துப் புகை போடவேண்டும் என்பது அப்போது நம் நாட்டு விதியாக இருந்தது. ஆனால் அந்தப் புகை வானத்தின் ஓசோன் படலத்தைக் கெடுப்பது, மனிதருக்கும் விஷம். ஆகவே நியூசிலாந்து 2021-ல் அதற்குக் கட்டுப்பாடு விதித்து, 2023 ஜனவரி முதல் கப்பலின் அறைக்குள் அந்தப் புகை போடுவதையே நிறுத்தியது.

இவர்கள் அந்தப் புகைதான் வேண்டும் என்றார்கள். அவர்கள் அந்தப் புகை கூடாது என்றார்கள். இடையில் வியாபாரம் அறுந்தது. தூத்துக்குடியிலும் கண்ட்லாவிலும் அந்தச் சரக்கை நம்பியிருந்த மில்கள் வேறு ஊர் தேடின. தென் அமெரிக்காவின் உருகுவே பைன் அந்த இடத்தில் புகுந்தது. நம் பெட்டிப் பலகை ஊர் மாறிய ரகசியம் இதுதான். சரக்கில் குற்றம் இல்லை, விலையில் குற்றம் இல்லை. ஒரு விதி மாறியது, வாடிக்கை போயிற்று.

நியூசிலாந்துக்கு ஏற்பட்ட பெரிய நட்டம் இதில் தெரிகிறது. சீனாவில் விலை விழுந்த நேரத்தில் கைகொடுக்கவேண்டிய இரண்டாவது, மூன்றாவது வாடிக்கை அப்போது இல்லாமற்போனது. 2025 மார்ச்சில் இந்தியாவும் நியூசிலாந்தும் தாராள வர்த்தக உடன்பாட்டுக்குப் பேச்சைத் தொடங்கின. அவ்வாண்டு டிசம்பரில் பேச்சு முடிந்ததாக அறிவித்தன. மரத்தோடு ஆப்பிளும் கிவிப் பழமும் அந்தப் பேச்சில் இருந்தன என்பதை மலைப் பழ வியாபாரிகள் கவனத்தில் வைக்கவேண்டும்.

கடையில் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். வெளிநாட்டு ஆப்பிள் வந்து இறங்கும் மரத்தட்டின் ஓரத்தில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரையும் எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்றிருந்தால் அந்த மரத்தை உட்புறம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மேலே சொன்ன மருந்துப் புகை. ஒரு முத்திரை இல்லையென்றால் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது. வெளிநாட்டுக்கு ஏலம், மிளகு, பூண்டு அனுப்ப நினைக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இதே விதிதான்.

எங்கள் கடைக்கு நேர்ந்தது

ஊராரைப் பற்றிப் பேசிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

1990-களின் நடுவில் எங்கள் கடையிலிருந்து மலைப் பேரிக்காய் முழுவதும் சமவெளியில் ஒரே கமிஷன் மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தான். பருவம் தொடங்குமுன் முன்பணம் தருவார். சிட்டை சுத்தமாக இருக்கும். வேறு ஊர் வியாபாரிகள் வந்து கேட்டால், "எங்களுக்கு ஆள் இருக்கிறார்" என்று பெருமையோடு திருப்பி அனுப்பினோம். ஏழெட்டு ஆண்டு இப்படிப் போயிற்று. எங்கள் பேரேட்டில் பத்தில் ஒன்பது வரி அந்த ஒரே பெயர்.

ஒரு பருவத்தில் அந்த மண்டிக்குள் பங்காளித் தகராறு. கடைக்குப் பூட்டு. செய்தி வருவதற்குள் எங்கள் இரண்டு லாரி கீழே இறங்கிவிட்டது. இறக்க ஆளில்லை. மழை நேரம். பக்கத்து மண்டிகளில் போய்க் கேட்டோம். எந்த வியாபாரிகளை நாம் திருப்பி அனுப்பினோமோ, அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். "உங்களுக்குத்தான் ஆள் இருக்கிறாரே, அண்ணாச்சி!" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. பாதிக் காய் அடிமாட்டு விலைக்குப் போயிற்று. மீதி பெட்டியிலேயே அழுகியது. நிலுவையாக நின்ற பணம் வந்துசேர நான்கு ஆண்டு ஆயிற்று, முழுவதும் வரவில்லை.

அந்த ஆண்டு பேத்துப்பாறைத் தோட்டக்காரர்களுக்கு நாம் கொடுக்கவேண்டிய பணத்தை வீட்டு நகையை வைத்துக் கொடுத்தோம். கொடுத்ததால்தான் இன்றும் அந்தத் திண்ணையில் நமக்கு உட்கார இடம் இருக்கிறது. நியூசிலாந்தின் கதையைப் படித்தபோது, நம் பழைய பேரேட்டைத்தான் யாரோ எடுத்துப் படிப்பதுபோல் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய நாடுகளுக்குப் புத்தி சொல்ல நாம் யார்? ஆனால் நம் கடை அளவில் சில காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, சென்ற ஆண்டுப் பேரேட்டை எடுத்து, எந்த வாடிக்கைக்கு எவ்வளவு விற்றோம் என்று பெயர் பெயராகக் கூட்டிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். அவரை விடவேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்குள் இன்னும் இரண்டு பெயர் சேர்க்கவேண்டும் என்பதற்கு அது அடையாளம். மளிகைக் கடைக்காரர்களும் ஒரே ஓட்டலுக்கோ ஒரே விடுதிக்கோ மாதக் கடனில் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இதே கணக்குதான். வாங்கும் பக்கமும் இதைப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கொள்முதல் செய்தால், அவர் கை விரிக்கும் அன்று நம் கடையும் காலி.

இரண்டாவது, கொஞ்சமாவது அறுத்து விற்போம். ரஷ்யாவைப்போலக் கதவை அடைக்கவேண்டாம். ஆனால் முழுவதையும் தடியாகவே தள்ளிவிடவும் வேண்டாம். பேரிக்காயைக் கூடைக் கணக்கில் கொட்டாமல் பருமன்வாரியாகப் பிரித்து அடுக்கினாலே தனி விலை உண்டு. காப்பிக் கொட்டையில் ஒரு பங்கை வறுத்து அரைத்து விற்கலாம். விருப்பாச்சி மலை வாழைக்கு 2008-லும், கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பையில் அச்சடித்து விற்காமல், மூட்டையில் பெயரில்லாமல் அனுப்பினால் அதன் பலன் வேறு யாருக்கோ போகும்.

மூன்றாவது, பெட்டிக்கு ஒரே பலகையை நம்பவேண்டாம். இமாசலத்தில் ஆப்பிளுக்கு மரப்பெட்டி போதாமல், அட்டைப் பெட்டிக்கு மாறியே பிழைத்தார்கள். நம்மிடம் அனுமதியோடு வெட்டும் சில்வர் ஓக் துண்டு இருக்கிறது, அட்டைப் பெட்டி இருக்கிறது, திரும்ப எடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. எந்தக் காய்க்கு எந்தப் பெட்டி, எவ்வளவு தூரத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தலையை உடைத்துக்கொள்வதைவிட, சங்கத்தில் கூடிப் பேசி மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலையும் குறையும், அளவும் ஒன்றாக இருக்கும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்க நிர்வாகிகளை வேண்டுகிறோம்.

நான்காவது, விதி மாறுவதை முன்கூட்டியே கேட்டறிவோம். நியூசிலாந்து 2021-ல் சொல்லி 2023-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நடுவில் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அப்போதே உருகுவேக்கு எழுதிய மில்காரர் பிழைத்தார். கடைசிக் கப்பல் வரும்வரை காத்திருந்தவர் வாளை மாட்டிவைத்தார். எடை விதியானாலும், உணவுப் பாதுகாப்பு விதியானாலும், வரி விதியானாலும் நமக்கும் இதே கதைதான்.

ஐந்தாவது, நமக்குச் சரக்குக் கொடுக்கும் விவசாயிக்கும் நம்மைத் தவிர இன்னொரு வாடிக்கை இருக்கட்டும் என்று விடவேண்டும். இதைச் சொல்ல நமக்கே கொஞ்சம் கசக்கிறது. ஆனால் அவர் நம் ஒருவரையே நம்பி, நமக்கு ஏதேனும் ஆனால், அந்தத் தோட்டமே அழியும். தோட்டம் அழிந்தால் கடை ஏது?

சென்ற வாரம் மறுபடியும் பேத்துப்பாறை போயிருந்தோம். அந்தத் தோட்டக்காரரிடம் பலகை வந்த கதையை விவரமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப எனக்கும் நீங்க ஒருத்தர்தானே அண்ணே வாடிக்கை?" என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, பழனியில் நமக்குத் தெரிந்த ஒரு நாணயமான வியாபாரியின் முகவரியை எழுதிக் கொடுத்தோம். வரும் பருவத்தில் காயில் கால் பங்கு அங்கே போகும். நமக்கு அதில் நட்டம்தான். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டும் அந்தத் திண்ணை நம் பிள்ளைகளுக்கு இருக்கும்.

தனிமரம் தோப்பாகாது. தோப்பாக வளர்வோம், வளர விடுவோம்!